வால்வுக்கு எண்ணத் தெரியாது

இந்த மாதம் மோட்டார் ரூம் சாவி
என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.
ஆகவே சத்தமும் என்னுடையது.

விடியற்காலை நாலே முக்கால்.
சுவிட்சை அணைத்த மறு மூச்சில்
டொம்மென்று ஒன்று
தரையிலிருந்து மூன்றாம் மாடிவரை
பிளாக்கின் முதுகெலும்பில் ஏறும்.
இரும்புக் கட்டில் அதிரும்,
கவிழ்த்த தட்டுகள் ஒன்றையொன்று இடிக்கும்,
எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்கும்.

கூட்ஸ் ரயில் என்றார் நாகூர்மீரான்.
கொருக்குப்பேட்டை கேட்டில் பாதி ஆயுசு நின்றவர்,
அவருக்கு எல்லாமே கூட்ஸ் ரயில்தான்.
தொட்டியில் விழுந்து செத்த பூனை என்றாள் டெல்பினா.
எட்டாம் நம்பர்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை,
பராமரிப்புக் காசை மட்டும் நிறுத்திவிட்டார்.

நான் எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன்.
வாய்ப்பக்கம் குழாயில், அடிப்பக்கம் காதில்.
உள்ளே ஒரு நீளமான வயிறு இரைந்தது.
சத்தம் பெருக்கும் இடத்தில் எல்லாம்
சாக்பீஸால் கோடு கிழித்தபடி ஏறினேன்.
முதல் மாடி வளைவில் ஒரு கோடு.
இரண்டாம் மாடியில் மூன்று:
அங்கே கிளாம்ப் இருந்த இடத்தில்
இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன.
கிளாம்ப், யாருடைய கொடிக்கயிற்றையோ
இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அங்கே குழாய் துள்ளுகிறது, அவ்வளவுதான்.
அடி விழுவது வேறெங்கோ.

பிளம்பர் ஏசடியான் வந்தார்.
கோடுகளைப் பார்த்துச் சிரித்தார், அழிக்கவில்லை.
மோட்டார் பக்கத்து வால்வைக் கழற்றி
துருப்பிடித்த நாக்கை விரலால் ஆட்டிக் காட்டினார்.
"மோட்டார் நின்னதும் தண்ணி திரும்பி எறங்கும்.
அப்பவே இவன் கதவ சாத்தணும்.
இவன் தூங்கிட்டு லேட்டா எழுந்து சாத்துறான்,
மூணு மாடித் தண்ணியும் ஓடியாந்து மூஞ்சில முட்டுது."

புது வால்வு, ஆறு கிளாம்ப், கூலி.
எட்டாம் நம்பர்க்காரர் நோட்டை நீட்டும்போதும்
சுவரைத்தான் பார்த்தார்.

மறுநாள் அதே நேரம்.
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
டம்ளரைக் குழாயில் வைத்துக் காத்திருந்தேன்,
பரீட்சை முடிவுக்கு நிற்பவனைப் போல.
இன்னும் அணைக்கவில்லை.
அதற்குள்,

டக். டக். டக்.

மெல்லிசாக. கொஞ்சம் இடைவெளி.
மறுபடி மூன்று.
மறுபடியும் மூன்று.

இத்தனை நாளும் இதையும்
அந்த நோயின் இருமலாகவே கேட்டிருக்கிறோம்.
வால்வுக்கு எண்ணத் தெரியாதே.

சுவிட்சை அணைத்தேன்.
டொம் இல்லை.
மணலிப் பக்கத்து ஆலையின் மூச்சுகூடக் கேட்கிற
அப்படியொரு அமைதி.
அதில் என் கோடுகளைப் பிடித்துக்கொண்டே ஏறினேன்,
அவை முடிந்த பிறகும் ஏறினேன்.

மூன்றாம் மாடிக் கடைசி வீடு. வெறுமனே சாத்திய கதவு.
காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வழுக்கி விழுந்து
தொடைவரை மாவுக்கட்டோடு அமுலு.
கட்டிலுக்கும் குழாய்க்கும் ஒரு முழம்.
கையில் எவர்சில்வர் டம்ளர்.

"ஒரு மாசமாத் தட்டுறேன்.
தொட்டி ரொம்பி மொட்டை மாடியெல்லாம் கொட்டுது,
நிறுத்துங்கன்னு.
நீங்க என்னடான்னா
குழாய்க்கு வைத்தியம் பாக்குறீங்க."

போன் பண்ணியிருக்கலாமே என்றேன்.
"சாவி மாசா மாசம் கை மாறுது.
யாரு நம்பர்னு வச்சிக்க?"

அவள் டம்ளர் விளிம்பில்
குழாயின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.
என் டம்ளரிலும்.

இப்போது மூன்று தட்டு என்றால்
மோட்டாரை நிறுத்து என்று அர்த்தம்.
வாய்வழி ஒப்பந்தம், ஏசடியான் சாட்சி.

நேற்று ராத்திரி பதினொன்றரை.
மோட்டார் ஓடவில்லை. எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை.
நாலு தட்டு.

நாலுக்கு என்னவென்று
நாங்கள் பேசி வைக்கவில்லை.
விளக்கைப் போட்டுக்கொண்டு
படி ஏறினேன்.